குதிரை ஏறி ஓர் உழவாரப்பணி!

பசித்த குதிரை! சத்தியமாக ஊர் பேரே அதுதான். ‘ஹங்ரி ஹார்ஸ்’ என்று ரோட்டோரப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வடமேற்கில், கனடா எல்லையை ஒட்டிய மொன்டானா மாநிலத்தில் ஒரு சின்னஞ்சிறு ஊர். ஹக்கிள்பெரி என்ற காட்டுப் பழத்தில் ஜாம், மிட்டாய், ஐஸ்கிரீம் என்று சகலமும் செய்து விற்கும் கடைகள். கொஞ்சம் தள்ளி, 1953-ல் கட்டி முடித்த பெரிய அணை. அவ்வளவுதான் ஊர்.

பேருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1900-01 பனிக்காலம். டெக்ஸ், ஜெர்ரி என்று இரண்டு சரக்குக் குதிரைகள் கட்டு அவிழ்ந்து காட்டுக்குள் போய்விட்டன. ஒரு மாசம் கழித்துக் கண்டுபிடித்தபோது வயிறு மட்டும் பனியில் புதைந்து, எலும்பும் தோலுமாக நின்றனவாம். தீனி போட்டுத் தேற்றினார்கள். அப்புறம் ஜெர்ரி, காலிஸ்பெல் நகரத்துத் தீயணைப்பு வண்டியை இழுத்தது. டெக்ஸ் ஒரு கடையின் சரக்கு வண்டிக்குப் போயிற்று. லாரியும் ரயிலும் வந்தபிறகு இந்த மாதிரிக் குதிரைகளுக்கெல்லாம் உலகம் பூரா ரிட்டயர்மென்ட் கொடுத்தாகிவிட்டது. இந்த வட்டாரத்தில் மட்டும் இன்னும் கொடுக்கவில்லை!

என் அக்கா மகன் காலிஸ்பெல்லில் வேலை பார்க்கிறான். ஜூலை மாசம் அவன் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவனிடம் வந்து, “மாமா, வாரக் கடைசியில குதிரைக்காரங்களோட காட்டுக்குப் போறேன். வர்றீங்களா?” என்றான்.

“சுத்திப் பார்க்கவா?”

“பாதை சுத்தம் பண்ண.”

“எவ்வளவுடா குடுப்பான்?”

“குடுக்கறதா? அவங்க குதிரை, அவங்க லாரி, அவங்க டீசல், அவங்க சோறு. நான் பரவாயில்ல, உடம்பை மட்டும் எடுத்துட்டுப் போறேன்!”

நம்மூரில் ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு கோஷ்டி சொந்தக் காசில் பஸ் ஏறி, கேள்வி கேட்பாரில்லாத ஏதாவது ஒரு பழைய கோயிலுக்குப் போய், மதிலில் முளைத்த அரசஞ்செடியைப் பிடுங்கி, பிராகாரத்தில் புல் செதுக்கிவிட்டு வருவார்களே... அந்த உழவாரப்பணி ரகம்தான் இது. என்ன, இங்கே கோயில் பத்து லட்சம் ஏக்கர்!

அந்தப் பத்து லட்சம் ஏக்கர் காட்டுக்குப் பெயர் ‘பாப் மார்ஷல் வனாந்தரம்’. உள்ளூர்க்காரர்கள் செல்லமாக ‘தி பாப்’ என்கிறார்கள், ஏதோ பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்கிற மாதிரி. பாப் மார்ஷல் வனத்துறை அதிகாரி. ஒரே நாளில் முப்பது மைலுக்கு மேல் நடப்பது அவருக்குச் சர்வசாதாரணம். 1935-ல் ‘வில்டர்னஸ் சொசைட்டி’யைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1939-ல் ரயிலில் போய்க்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். வயது 38. பக்கத்திலேயே ‘ஸ்கேப்கோட்’, ‘கிரேட் பேர்’ என்று இன்னும் இரண்டு வனாந்தரங்கள், 1972-லும் 1978-லும் சேர்ந்தவை. மூன்றும் சேர்ந்து பதினைந்து லட்சம் ஏக்கருக்கு மேல். இதன் குறுக்கே ஒரு ரோடு கிடையாது!

ரோடு போடக் கூடாது என்பதே சட்டம். 1964 செப்டம்பர் 3-ம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்ட வனாந்தரச் சட்டம். அதன்படி இந்த மாதிரிக் காடுகளுக்குள் கார், மோட்டார் சைக்கிள் எதுவும் போகக் கூடாது. அதோடு விட்டார்களா? மோட்டார் வைத்த எந்தக் கருவியும் கூடாது. சைக்கிள்கூடக் கூடாது. மண் அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிக்கும் தடா! ஆபத்து, அவசரம் என்றால் விதிவிலக்கு உண்டு. மற்றபடி, பாதையில் விழுந்த மரத்தை வெட்டப் போகும் வனத்துறைக்காரனே மோட்டார் ரம்பத்தை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்படியானால் எப்படி வெட்டுவது? நம் தாத்தா காலத்து மாதிரி, ரெண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கிற கை ரம்பம். அதையும், கோடரியையும், பத்துப் பேருக்கு நாலு நாள் சாப்பாட்டையும் எப்படி உள்ளே கொண்டுபோவது? குதிரை, அல்லது கோவேறு கழுதை. வேறு வழியே இல்லை!

இங்கேதான் நம்ம குதிரைக்காரர்கள் வருகிறார்கள். சங்கத்தின் பெயர் ‘பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென் ஆஃப் அமெரிக்கா’. உள்காட்டுக் குதிரைக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1973-ல் இதே ஃப்ளாட்ஹெட் பள்ளத்தாக்கில்தான் தொடங்கினார்கள். இன்று பல மாநிலங்களில் கிளை இருக்கிறது.

தொடங்கிய காரணம் பரோபகாரம் மட்டுமல்ல. கொஞ்சம் பயமும்தான். முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறும் இளைஞர் கூட்டம் அந்தக் காலகட்டத்தில் பெருகிக்கொண்டே போனது. அவர்கள் ஆசையாக ஏரிக்கரைக்குப் போனால் அங்கே குதிரைச் சாணம். மரத்தில் கட்டிய குதிரை காலால் தோண்டித் தோண்டி வேர் வெளியே தெரிகிறது. மழைக்காலத்தில் குளம்பு பட்டுப் பாதை சேறு. புகார் மேல் புகார். ‘நம்மைக் காட்டுக்குள் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டால்?’ என்ற கவலை குதிரைக்காரர்களுக்கு வந்தது. மனுப் போட்டார்கள், கூட்டங்களில் போய் வாதாடினார்கள். கூடவே, தங்கள் ஆட்களுக்கே ‘காட்டில் அடக்க ஒடுக்கமாக இருப்பது எப்படி’ என்று வகுப்பு எடுத்தார்கள். ரம்பத்தையும் கையில் எடுத்தார்கள். உரிமையைப் பாதுகாக்க ஊருக்கு உழைப்பது என்று ஒரு வழி இருக்கிறதே, அதை எனக்குப் பிடித்திருக்கிறது. வெறும் தியாகம் என்று சொல்லியிருந்தால் நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்!

ஹங்ரி ஹார்ஸிலிருந்து நீர்த்தேக்கத்தை ஒட்டி 55 மைல், மண் ரோடு. அதன் முடிவில் ஸ்பாட்டட் பேர் என்ற இடத்தில் வனத்துறை நிலையம். அதையும் தாண்டி, பாதை தொடங்குகிற இடத்தில் எங்கள் கோஷ்டி கூடியது. எட்டுப் பேர். என் அக்கா மகன்தான் இளையவன். பெரும்பாலோர் என் வயசு, அதாவது அறுபதைத் தாண்டியவர்கள். தலைவி ஒரு பாட்டி. நான் ‘மேடம்’ என்று கூப்பிட, அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “யாரைக் கூப்பிடறீங்க?” என்றார்.

மூட்டை கட்டுவதைப் பார்க்க வேண்டுமே! ஒரு கோவேறு கழுதைக்குச் சுமார் எழுபது கிலோ. இடது பக்கம் எவ்வளவோ, அவ்வளவே வலது பக்கமும். கண்ணால் பார்த்து ‘சரியாத்தான் இருக்கு’ என்று சொல்வதெல்லாம் நடக்காது. நம் பழைய பேப்பர்காரர் வைத்திருப்பாரே, கொக்கித் தராசு, அதில் ஒவ்வொரு மூட்டையும் தொங்கவிட்டு எடை பார்க்கிறார்கள். ஒரு பக்கம் கூடினால் மலைச்சரிவில் சேணம் உருளும், முதுகு புண்ணாகும். கற்பூர வாசனை தெரிகிறதோ இல்லையோ, இந்தக் கழுதைகளுக்கு ரெண்டு கிலோ வித்தியாசம் உடனே தெரிகிறது. காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு, தலைவியை ஒரு பார்வை பார்க்கின்றன. அவர் பேசாமல் அவிழ்த்து மறுபடி கட்டுகிறார்.

கழுதைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றால் கோக்கிறார்கள். அந்த இணைப்பில் மட்டும் வேண்டுமென்றே ஒரு மெலிந்த கயிறு. எனக்குப் புரியவில்லை. “மாமா, ஒரு கழுதை பள்ளத்துல விழுந்துட்டா அந்தக் கயிறு அறுந்துடணும். கெட்டிக் கயிறா இருந்தா மத்ததையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும்” என்றான் மருமகன். கேட்ட பிறகு பாதையின் ஓரத்தை நான் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினேன்!

எனக்குக் கொடுத்தது ஒரு வயசான பெண் குதிரை. என் குதிரையேற்ற அனுபவம் கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்று, அதுவும் குதிரைக்காரப் பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். இந்த அம்மணிக்கு அது தெரிந்திருக்க வேண்டும். என்னை ஒரு மூட்டையாகவே பாவித்து, தன் இஷ்டத்துக்கு, ஆனால் பத்திரமாக நடந்தது.

ரெண்டு மணி நேரத்தில் முதல் மரம். லார்ச் மரம், பாதைக்குக் குறுக்கே, என் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தது.

நம்மூரில் ‘ரம்பம்’ என்றால் கல்யாண வீட்டில் நம்மைப் பிடித்துக்கொண்டு தன் மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் மனிதர் என்று பொருள். நிஜ ரம்பம் அதற்கு நேர்மாறு. அதைப் பிடித்தவர்களுக்குப் பேச மூச்சே இருக்காது. ஆறடி நீள எஃகுத் தகடு, ரெண்டு முனையிலும் மரக் கைப்பிடி. பற்களைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ரெண்டு ஜாதிப் பல். ஒன்று கத்தி மாதிரி, மரத்தின் நாரை ரெண்டு பக்கமும் கீறிவிடும். இன்னொன்று உளி மாதிரி, கீறிய நாரைச் சுரண்டி வெளியே தள்ளும். நன்றாகத் தீட்டிய ரம்பம் என்றால் தூள் வராது. நீள நீளமாக, இடியாப்பம் பிழிந்த மாதிரிச் சுருள் வரும். அவர்கள் ‘நூடுல்ஸ்’ என்கிறார்கள். வெறும் தூளாக வந்தால் ரம்பம் மொண்ணை என்று அர்த்தம்.

இந்த மாதிரி ரம்பத்துக்குப் பல் தீட்டத் தெரிந்தவர்கள் அருகிப் போய்விட்டார்கள். போன நூற்றாண்டின் முற்பாதியில் செய்த பழைய ரம்பங்களைத்தான் இன்றைக்கும் பெரிதாகக் கொண்டாடுகிறார்கள். தலைவி வைத்திருந்ததும் அப்படி ஒரு பழசு. தீயணைப்புக் குழாய்த் துணியில் உறை தைத்து, கைக்குழந்தையைப் போல் கொண்டுவந்தார்.

அறுப்பதற்கு ஒரே ஒரு விதி: இழு, தள்ளாதே. உன் முறை வந்தால் இழு. எதிராளி இழுக்கும்போது கையைத் தளர்த்திச் சும்மா கூடப் போ. தள்ளினால் தகடு வளையும், மாட்டிக்கொள்ளும். கல்யாணமாகி முப்பது வருஷமான தம்பதி ஒன்று அந்தக் கோஷ்டியில் இருந்தது. அவர்கள் அறுத்த அழகைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. சர்ர்ர்... சர்ர்ர்... அதே கதி, அதே தாளம். மருமகனும் தலைவியும் பிடித்தபோது, “தள்ளாதே தம்பி... தள்ளாதே தம்பி” என்று அர்ச்சனை நடந்துகொண்டே இருந்தது!

அறுக்கும் முன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஏதோ நாள் நட்சத்திரம் பார்க்கிறார்களோ என்று நினைத்தேன். விஷயம் இதுதான்: ரெண்டு முனையும் மேட்டில் தாங்கி, நடுவில் தொங்குகிற மரம் என்றால், மேல்பக்கம் நெருக்கம், அடிப்பக்கம் இழுவிசை. மேலிருந்து அறுத்துக்கொண்டே போனால் வெட்டு வாய் மூடி, ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். அதற்கு முன்னால் ஆப்பு அடிக்க வேண்டும். சரிவில் கிடக்கிற மரம் என்றால், அறுந்ததும் எந்தப் பக்கம் உருளும் என்று தெரிந்து மேட்டுப் பக்கம் நிற்க வேண்டும். விளையாட்டு இல்லை, ஒரு டன் கட்டை. அதனால்தான் ரம்பம் பிடிக்கப் பயிற்சியும் சான்றிதழும் கட்டாயம். அது இல்லாத என்னைத் தொடவே விடவில்லை. கழுதைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உத்தியோகம் கொடுத்தார்கள். நாற்பது நிமிஷத்தில் ரெண்டு வெட்டு. நடுத்துண்டைக் காலால் உதைத்து உருட்டினார்கள். கட்டை சரிவில் இறங்கிப் போனபோது எட்டுப் பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கைதட்டினார்கள்.

“ஒரு மரம் கிடந்தா என்ன, சுத்திட்டுப் போக வேண்டியதுதானே?” என்று கேட்டேன்.

தலைவி பதில் சொல்லாமல், கொஞ்ச தூரம் தள்ளி ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே போன வருஷம் ஒரு மரம் கிடந்திருக்கிறது. போனவர்களெல்லாம் சுற்றிப் போய்ப் போய்ச் சரிவில் புதுசாக ஒரு தடம். மழைத் தண்ணீர் அந்தத் தடத்தில் இறங்கி முழங்கால் ஆழத்துக்கு ஓடை வெட்டியிருந்தது. இது ஒரு மரத்தின் வேலை. தீப்பிடித்த காடுகளில் கருகி நின்ற மரங்கள் பல வருஷம் வரை ஒவ்வொரு காற்றுக்கும் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு மைலில் ஐம்பது, நூறு என்று விழுந்துவிட்டால் சுற்றிப் போகக்கூட ஆள் வராது. ஆள் வராத பாதையில் ரெண்டு மூணு வருஷத்தில் புதர். அப்புறம் அங்கே ஒரு பாதை இருந்தது என்பது வரைபடத்துக்கு மட்டும்தான் தெரியும். வழி தவறியவனைத் தேடிப் போக முடியாது. காலொடிந்தவனைக் கொண்டுவர முடியாது.

மரத்தை விடப் பெரிய எதிரி தண்ணீர் என்றார்கள். பாதையில் ஓடுகிற மழைநீரை அங்கங்கே ஓரத்துக்குத் திருப்பிவிட, கட்டையையோ கல்லையோ சாய்வாகப் பதித்திருக்கிறார்கள். அதன் பின்னால் மண் மேவி அடைத்துக்கொள்ளும். அதை வழித்துவிட வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் மடை பார்க்கிற வேலைதான்! அதற்கு ஒரு கருவி: ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் தச்சர் வாய்ச்சி. ‘புலாஸ்கி’ என்று பெயர். எட் புலாஸ்கி என்ற வனக்காவலரின் பெயர் அது. 1910 ஆகஸ்டில் இந்த மலைத்தொடரில் ரெண்டே நாளில் முப்பது லட்சம் ஏக்கரை எரித்த தீயில், தன்னோடு இருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்களைப் பழைய சுரங்கத்துக்குள் தள்ளிக்கொண்டு போய், பெரும்பாலோரை உயிரோடு காப்பாற்றியவர். அப்பர் கையில் உழவாரம். இவர்கள் தோளில் புலாஸ்கி!

சரி, குதிரை செய்கிற சேதம்? அதை மழுப்பக் கூடாது. நானூறு, ஐந்நூறு கிலோ மிருகம் நாலு இரும்பு லாடத்தோடு நடந்தால், செருப்புக் கால் மாதிரி இருக்காது. நடப்பவர்களின் புகாரில் நியாயம் இருக்கிறது. முகாமில் இவர்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் அது இவர்களுக்கும் தெரியும் என்று புரிகிறது. குதிரையை மரத்தில் கட்டுவதில்லை. ரெண்டு மரத்துக்கு நடுவே தலைக்கு மேல் கயிறு இழுத்து அதில் கட்டுகிறார்கள். கயிறு மரப்பட்டையை அறுக்காமலிருக்க அகலமான நாடா. தண்ணீரிலிருந்து இருநூறு அடி தள்ளித்தான் கட்டுத்தறி. தீனி கூடக் கண்டது போட முடியாது. களை விதை இல்லை என்று சான்றிதழ் வாங்கிய வைக்கோல்தான். ஒரு கட்டு வைக்கோலில் வரும் விதை ஒரு மலையையே நாசமாக்கிவிடும். பார்த்தீனியச் செடியோடு மல்லுக்கட்டுகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் எதிரே ஒரு இளைஞர் கோஷ்டி நடந்து வந்தது. குதிரைகளைப் பார்த்ததும் பள்ளத்துப் பக்கமாக ஒதுங்கி நின்று, ‘ஹலோ’ சொல்லிப் பேச்சுக் கொடுத்தார்கள். மரியாதைக்கு மட்டுமல்ல, முதுகில் பெரிய மூட்டையோடு பேசாமல் நிற்கிற உருவத்தைக் குதிரை கரடி என்று நினைத்து மிரளுமாம்! அவர்களும் தொண்டர்கள்தான். உள்ளே இன்னும் பத்து மைல் தள்ளிப் பாதை வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய அரிசி, பருப்பு, கூடாரம், கருவி அத்தனையும் எங்கள் கழுதைகளின் முதுகில்தான் முந்தின நாள் ஏறியிருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ‘குதிரையை வெளியே அனுப்பு’ என்ற தரப்புக்கு இன்று சோறு குதிரை மேல் வருகிறது!

வனத்துறை என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். அவர்களிடம் நாடு முழுக்க ஒன்றரை லட்சம் மைலுக்கு மேல் பாதை இருக்கிறது. பணமும் ஆளும் இல்லை. அரசாங்கக் கணக்குகளை அலசுகிற ஜி.ஏ.ஓ. அமைப்பு 2013-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. பாதைகளில் கால்வாசிதான் வனத்துறையின் சொந்த அளவுகோல்படியே ஒழுங்காக இருக்கிறது. 2012 கணக்கில் செய்யாமல் பாக்கி நின்ற பராமரிப்பு வேலை மட்டும் 31.4 கோடி டாலர்! அதன் பிறகு 2016 நவம்பரில் ஒரு சட்டம் வந்தது. தொண்டர்கள் செய்யும் பாதை வேலையை ஐந்து வருஷத்தில் இரட்டிப்பாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். குதிரைக்காரர் சங்கமும் இந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டது. 2025 தொடக்கத்தில் வனத்துறையில் வேலைக்குச் சேர்ந்து தகுதிகாண் பருவத்தில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு கோர்ட், கேஸ் என்று போயிற்று.

தொண்டர்களை வைத்தே ஒரு இலாகாவை ஓட்டிவிடலாம் என்று மேலே இருப்பவர்கள் நினைத்தால், அது சரியில்லை என்பது என் கட்சி. மருமகனிடம் சொன்னேன். “அதை அந்தப் பாட்டிகிட்ட சொல்லுங்க மாமா, ஒரு மணி நேரம் பேசுவாங்க” என்றான். எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு முழங்கால் வலி. குதிரை வளர்க்க நிலம் வேண்டும், வைக்கோல் வேண்டும், டிரெய்லர் வேண்டும். சின்ன வயசுக்காரர்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. அந்த ரம்பத்தை அடுத்து யார் பிடிப்பது என்பதுதான் இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது அதிக நேரம் பேசப்பட்ட விஷயம்.

கிளம்புகிற அன்று காலையில் ஒரு மணி நேரம் வீடு காலி பண்ணுகிற வேலை. குதிரைகள் காலால் பறித்த குழிகளை மண் போட்டு மூடினார்கள். சாணத்தை, சீக்கிரம் காய்ந்து மக்கட்டும் என்று, காலால் சிதறடித்தார்கள். நெருப்பு மூட்டிய இடத்தில் சாம்பலைத் தொட்டுப் பார்த்து, கற்களைக் கலைத்துப் போட்டார்கள்.

பாதை முனைக்குத் திரும்பியதும் தலைவி, லாரியின் பானெட் மேல் ஒரு படிவத்தை விரித்து நிரப்ப ஆரம்பித்தார். யார் எத்தனை மணி நேரம், எத்தனை மரம், வண்டி எத்தனை மைல், எத்தனை மிருகம் எத்தனை நாள் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். சங்கம் இதையெல்லாம் கூட்டித்தான் அரசாங்கத்திடம், ‘பாருங்கள், எங்கள் உழைப்பு இவ்வளவு பெறும்’ என்று கொண்டுபோய் வைக்கிறதாம். நான் விருந்தாளி, என் பேர் அதில் வராது. கழுதைகளின் கணக்கு வந்தது. தலைவி எண்ணிப் பார்த்தார், ஆறு. மூட்டைச் சேணம் ஆறு. சவாரிக் குதிரை எட்டு.

“இந்த வயசான அம்மணியை ஏத்த விட்டுட்டீங்களே?” என்று என் குதிரையைக் காட்டினேன்.

தலைவி எட்டை அடித்து ஒன்பது என்று எழுதினார்.